ஒரு வீட்டின் இரு சரித்திரங்கள்: அண்மை வாசிப்பு குறித்துச் சில எண்ணங்கள்

தமிழில் நாவலும் தன்வரலாறும் ஒரு பெயரைத் தமக்குள் பகிர்ந்துகொண்டுள்ளன. 'சரித்திரம்' என்பது அப்பெயர். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்த 'கமலாம்பாள் சரித்திரம்', அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' (1898) ஆகிய மூன்றும் புனைவுகள். உ.வே. சாமிநாதையர் 1940 தொடங்கி 1942இல் தாம் மறையும் வரை 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிவந்த 'என் சரித்திரம்' வாழ்ந்த வாழ்வின் பதிவு. நடந்ததும் நடந்ததாகச் சொல்லப்பட்டதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியதில் அக்கால வாசகர்க்கு எவ்விதக் குழப்பமும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. ராஜ் கௌதமன் 2002இல் தம் நாவலுக்குச் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்று பெயரிட்டபோது இவ்விரு மரபுகளும் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். மாதவையாவின் வாழ்வையும் படைப்பையும் ஆராய்ந்து தனிநூல் எழுதியவர் அவர். முதலியாரும் அம்பாளும் வீற்றிருந்த ஒரு பெயர்ப்பலகையில், கிறித்தவச் சேரியொன்றின் சேட்டைக்காரச் சிறுவனைக் கொண்டுபோய் உட்கார வைத்த குறும்பு அத்தலைப்பிலேயே தெரிகிறது.

2024 நவம்பரில் ராஜ் கௌதமன் மறைந்த செய்தி வந்த பின்னர் அவருடைய நாவல்களை மறுபடியும் எடுத்தேன். அவருடைய ஆய்வு நூல்களை, குறிப்பாகப் 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' என்னும் நூலை, வகுப்புக்கான தேவை கருதி அடிக்கடி புரட்டுவது உண்டு. நாவல்களை அவ்வாறு தேவை கருதிப் படிக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில், எந்தக் குறிப்பேடும் பக்கத்தில் இல்லாமல், 'சிலுவைராஜ் சரித்திரம்', அதன் தொடர்ச்சியான 'காலச்சுமை' (2003) இரண்டையும் படித்து முடித்தேன். மூன்றாவதான 'லண்டனில் சிலுவைராஜ்' என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. ஊரை விட்டு விலகிய சிலுவை சற்று இளைத்துப்போனவனாகவே தோன்றினான். இவற்றோடு சேர்த்துப் பாமாவின் 'கருக்கு' (1992) நூலையும் படித்தேன். பாமா, ராஜ் கௌதமனின் உடன்பிறந்த தங்கை. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒரே தெருவில் ஒரே வீட்டில் பிறந்த இருவர். பட்டாளத்தில் பணிபுரிந்த ஒரே தந்தை. ஒரே தேவாலயத்தின் மணியோசை. பத்தாண்டு இடைவெளியில் ஒருவர் தன்வரலாறும் மற்றவர் நாவலும் எழுதியுள்ளனர். இரண்டையும் தனித்தனியே முன்னரே படித்திருந்தபோதிலும், அடுத்தடுத்துப் படித்த அனுபவம் வேறாக இருந்தது.

இவ்விரு நூல்களையும் பற்றி நம் கல்விப்புலத்தில் வழங்கும் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அண்ணனைக் குறித்துப் பேசும்போது எள்ளல், கதைசொல்லும் உத்தி, மூன்றாமிட நோக்கு என்று பேசுகிறோம். தங்கையைக் குறித்துப் பேசும்போது சாட்சியம், குரல், வலி, ஆவணம் என்று பேசுகிறோம். அண்ணன் எழுத்தாளர், தங்கை அனுபவித்தவர். இப்பாகுபாட்டை எவரும் அறிவித்துச் செய்வதில்லை. 'தன்வரலாறு' என்று அட்டையிலும் பாடத்திட்டத்திலும் அச்சிட்டுவிட்டால், அந்நூலில் இயற்றப்பட்டது எதுவும் இல்லை, நேர்ந்தது நேர்ந்தபடியே கொட்டப்பட்டிருக்கிறது என்று நம்பும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

'கருக்கு' அவ்வாறு கொட்டப்பட்ட நூல் அன்று. அது காலவரிசையில் செல்வதில்லை. ஊர், தெரு, சண்டை, வேலை, விளையாட்டு, தேவாலயம், கன்னிமடம் எனப் பொருள்வாரியாக நகர்கிறது. ஒவ்வொரு பொருளிலும் மீண்டும் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி, அங்கிருந்து கன்னிமடத்தின் வாசல் வரை வருகிறது. ஒரே வாழ்வின் ஊடாகப் பலமுறை நடந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வாய்க்காலைத் திறந்துவிடுவது போன்ற அமைப்பு இது. ஏர் உழுபவர் மீண்டும் மீண்டும் வரப்பின் தலைமாட்டுக்கு வந்து திரும்புவதையும் இதற்கு ஒப்பிடலாம். 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்கள் வேலையைப் பற்றிய பகுதிகளிலும் ஊர்ச் சண்டையைப் பற்றிய பகுதிகளிலும் 'நாங்க' என்று மாறுவதும், கன்னிமடத்தைப் பற்றிய பகுதிகளில் அந்த 'நாங்க' காணாமற்போய்த் தனித்த 'நான்' மட்டும் எஞ்சுவதும் தற்செயல் ஆகா. எழுத்து வழக்கைத் துறந்து பேச்சு வழக்கில் முழு நூலையும் எழுதியதை அக்காலத்தில் இலக்கணம் அறியாமை என்று முகஞ்சுளித்தோரும் உண்டு. கல்லூரியில் பயின்று ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவருக்கு எழுத்து வழக்கு வாராமல் இல்லை. அது தேர்ந்தெடுக்கப்பட்ட மொழி.

இருநூல்களுக்கும் இடையே என்னை மிகவும் ஈர்த்தது 'அண்ணன்' என்னும் பாத்திரம். 'கருக்கு' படித்தோர் எவரும் மறவாத காட்சி ஒன்று உண்டு. தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தின் சரட்டை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் நாயக்கரிடம் தருகிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்பதனால்தான் அப்படி என்று விளக்குகிறான். பின்னொரு நாள், படிப்பு ஒன்றே இந்த இழிவைக் கடக்க வழி என்று தங்கைக்கு எடுத்துரைப்பவனும் அவனே. தங்கை அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் முதலாவதாக வருகிறாள். தங்கையின் நூலில் அண்ணன் என்பவன் தெளிவு. சிக்கலை அறிந்தவன், விடையையும் அறிந்தவன்.

அந்த அண்ணனை அவனே எழுதிய நூலில் சென்று பார்த்தால் அத்தெளிவு அங்கு இல்லை. சிலுவை அப்பாவின் அடிக்கு நடுங்குகிறான். விடுதியில் ஒடுங்குகிறான். விலங்கியல் படிக்கிறான், பிறகு தமிழுக்கு வருகிறான், எதற்கும் தன்னிடம் திட்டம் இல்லை என்பதைத் தானே கண்டு திகைக்கிறான். ஆசிரியர் அவனை எட்ட நின்று பார்த்து ஓயாமல் சிரிக்கிறார். தங்கையின் கண்ணில் மலையாக நின்றவன் தன் கண்ணில் தடுமாறும் பையன். இதில் எது உண்மை என்ற வினா பயனற்றது. இரண்டும் ஒரே வீட்டின் உண்மைகள். எனினும் நம் வகைப்பாட்டின்படி, தன்வரலாற்றில் வரும் மலையை 'நடந்தது' என்றும் நாவலில் வரும் தடுமாற்றத்தைக் 'கற்பனை' என்றும் கொள்ளவேண்டி வருகிறது. உண்மையில் நிலைமை தலைகீழாக இருக்கக்கூடும். தன்னைக் கோழையாகக் காட்டிக்கொள்ள ஒருவருக்குப் 'படர்க்கை' என்னும் திரை தேவைப்படுகிறது. 'நான்' என்று எழுதுபவருக்கு அத்திரை இல்லை. ஆகவே அவர் எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் கூடுதல் கவனம் செலுத்தவேண்டியுள்ளது. 'கருக்கு' நூலின் மௌனங்களைப் பற்றி இதுவரை நாம் போதிய அளவு எழுதவில்லை.

மற்றொரு பொருத்தத்தையும் சொல்லவேண்டும். இருவர் கதையும் திருச்சபையின் வாசலில்தான் திரும்புகிறது, எதிரெதிர்த் திசைகளில். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்ற நம்பிக்கையோடு தங்கை கன்னிமடத்துக்குள் போகிறார்; அங்கும் சாதியும் வசதியுள்ளோர்க்கான பள்ளியும் காத்திருப்பதைக் கண்டு, ஏழாண்டுகளுக்குப் பின் 1992இல் வெளியேறுகிறார். வெளியே வந்த அவ்வாண்டிலேயே 'கருக்கு' வெளியாகிறது. சிலுவைராஜோ முதுகலைப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையின்றி அலைகிறான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தெருவில் பறையனாகவும் தாளில் பிற்படுத்தப்பட்டவனாகவும் இருக்கும் சிலுவை, இறுதியில் இந்துவாக மாறிச் சான்றிதழ் பெறுகிறான். தமிழ் நாவல்களில் மதமாற்றம் பல இடங்களில் பேசப்பட்டிருக்கிறது. ஆன்மிக நெருக்கடியின் சாயல் ஒரு துளியும் இன்றி, ஓர் அலுவலக நடைமுறையாக அது காட்டப்படும் இடம் இதைப்போல் வேறில்லை என்று நினைக்கிறேன். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. புத்தகத்தை மூடிய பிறகு அச்சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

இந்த இடத்தில் என் வகுப்பைப் பற்றிச் சொல்வது பொருத்தமாகும். கேரளத்தில் தமிழ் முதுகலை பயில வருவோரில் எல்லையோர ஊர்களைச் சேர்ந்தவர்களோடு இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுள் பலருடைய முன்னோர் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் மலையேற்றப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். லயத்து வீட்டில் வளர்ந்த மாணவி ஒருவர் எங்கள் துறையில் பயின்றார். 'கருக்கு' பாடம் நடந்த நாட்களில் அவரைச் சில பகுதிகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அந்த வழக்கு மற்ற மாணவர்களைவிட அவருக்கே இயல்பாக வரும் என்பது என் எண்ணம். முதல் நாள் படித்தார். மறுநாள், வேறொருவரைப் படிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். சில வாரங்கள் கழித்துச் 'சிலுவைராஜ் சரித்திரம்' நூலை நூலகத்திலிருந்து தாமே எடுத்துப் படித்துவிட்டு வந்து சொன்னார்:

"டீச்சர், இந்தப் புத்தகத்தப் படிக்கிறப்ப எல்லாரும் சிலுவையப் பாத்துச் சிரிக்கிறாங்க, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். 'கருக்கு' வகுப்புல எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க."

நாவல், தன்வரலாறு என்னும் வகைமைகளைப் பற்றிப் பல நூல்கள் படித்திருக்கிறேன். இத்துணைச் சுருக்கமாக அவ்வேறுபாட்டை எவரும் எனக்கு விளக்கியதில்லை. நாவல் என்ற பெயர் வாசகரின் பார்வையைப் பாத்திரத்தின்மேல் நிறுத்துகிறது. தன்வரலாறு என்ற பெயர், அதிலும் தலித் தன்வரலாறு என்ற பெயர், பார்வையை நூலிலிருந்து கிளப்பி வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒரு முகத்தின்மேல் கொண்டுபோய் விடுகிறது. 'கருக்கு' நூலிலேயே, தேங்காய் திருடியதாகச் சிறுமியின்மேல் பழி விழுந்து, பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் தலைமையாசிரியரால் அவள் இழிவுபடுத்தப்படும் பகுதி உண்டு. அதனைக் கூடியிருக்கும் வகுப்பில் வாய்விட்டுப் படிக்க நேரும் மாணவியின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். சான்றிதழ் அத்தியாயத்தில் அவர் மிகவும் சிரித்ததற்குக் காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் பெற, குடும்பம் 1950ஆம் ஆண்டுக்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்கப்படுகிறது. லயத்து அறையில் பிறந்து இறந்த பாட்டனுக்கு என்ன தாள் இருந்திருக்கும்? சிலுவையின் அலைச்சல் அவருக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

மலையாளத்தில் இத்தகைய சிக்கல் குறைவாக உள்ளதோ என்று எனக்கு ஐயம் எழுந்ததுண்டு. எஸ்.கே. பொற்றேக்காட்டின் 'ஒரு தேசத்தின் கதை' (1971) அவருடைய இளமை வாழ்வே என்பது எல்லோரும் அறிந்தது. எனினும் அதை ஸ்ரீதரனின் கதையாகவே, நாவலாகவே, இங்குள்ளோர் கொண்டாடுகின்றனர். அந்நூலாசிரியருக்கு 1980ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது கிடைத்தபோதும் 'இது நடந்ததா' என்ற கேள்வி அதன் மதிப்பைத் தீண்டவில்லை. ஆனால் நளினி ஜமீலா தம் வாழ்வை எழுதியபோது நிலைமை வேறாயிற்று. பிறர் துணையோடு 2005இல் வெளியான முதல் வடிவம் பரபரப்பாக விற்றது. அது தம் குரலாக அமையவில்லை என்று கருதிய அவர், திருத்தி வேறொரு வடிவத்தை வெளியிட்டார். விற்றுத் தீர்ந்துகொண்டிருந்த நூலையே அவர் மறுபடி எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. வாழ்வு தம்முடையது என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. சொல்லும் முறையும் தம்முடையதாக இருக்கவேண்டியிருந்தது. 'சாட்சியம்' என்று நாம் ஒதுக்கும் எழுத்துகளிலும் இந்தக் கவலை இருந்தே தீரும். அதைக் காண மறுப்பது வாசிப்பின் குறைபாடு.

ஒருவரே தம் அனுபவத்தை இருவகையாகவும் எழுதிய சான்று தமிழில் பெருமாள்முருகனிடம் உள்ளது. 'நிழல்முற்றம்' நாவல், 'நிழல்முற்றத்து நினைவுகள்' கட்டுரைகள். இரண்டுக்கும் களம் திரையரங்கு. தந்தை நடத்திய சோடாக் கடையில் அவர் கழித்த இளமைதான் இரண்டுக்கும் ஊற்று. நாவலில் இருள் அதிகம். பசியும் வசையும் உறக்கமின்மையும் நிறைந்த விடலைகளின் உலகம் அது, அவர்களுக்குத் திரையரங்கே வீடு. நினைவுக் கட்டுரைகளிலோ அதே இடம் வாஞ்சையோடு திரும்புகிறது. அரங்கில் பணிபுரிந்தோரும் படச்சுருளும் இடைவேளைக் கூட்டமும் அன்புடன் நினைக்கப்படுகின்றன. தன்வரலாறு கடுமையாகவும் நாவல் மென்மையாகவும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பை இவ்விரண்டும் குலைத்துவிடுகின்றன. வீடு உள்ள பையனாகத் தாம் அங்கு இருந்ததைக் கட்டுரை மறைக்கவில்லை. வீடற்ற பையன்களின் பக்கம் நின்று பார்க்க நாவல் தேவைப்பட்டிருக்கிறது. அவர் தாயைப் பற்றிய 'தோன்றாத் துணை' (2019) நூலையும் இவ்வாண்டு படித்தேன். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் என் தாயைப் பற்றி எழுதுவதில் போய் முடியும். பிறிதொரு வேளைக்கு ஒத்தி வைக்கிறேன்.

கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) அளவில் சிறியது. இளையான்குடி இசுலாமியர் வீடுகளில் சாதியின் உறுத்தல் இன்றிப் பழகிய சிறுவன், உறவினரைக் காணக் கிராமங்களுக்குப் போகும்போது மட்டும் தன் சாதியைச் சந்திக்கிறான். இவ்வேறுபாட்டை அவர் வாதமாக வளர்க்காமல் நடந்துபோன வழிகளாகவே சொல்லிச் செல்கிறார். நாட்டார் பாடல்களைத் தேடித் திரிந்த ஒருவரின் காது அந்நூலின் உரைநடையில் தெரிகிறது. அதையும் நாம் 'ஆவணம்' என்னும் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டோம்.

இந்நூல்களின் பின் 'என் சரித்திரம்' நூலைத் திரும்பப் படித்தபோது சாமிநாதையரின் கைத்திறன் முன்னிலும் துலக்கமாகத் தெரிந்தது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்க்கத் தந்தை அழைத்துப்போகும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பாடம் சொல்ல இசையும் பிள்ளையவர்கள், மாணவனுடைய உணவுக்கு அவ்வூரில் தம்மால் ஏற்பாடு செய்ய இயலாத நிலையை எடுத்துச் சொல்கிறார். திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தங்கும் காலத்தில் குறைவின்றிப் பார்த்துக்கொள்வதாகக் கூறுகிறார். ஆசிரியர் வேளாளர், மாணவர் அந்தணர். ஒரே வீட்டில் உண்ண முடியாது என்ற செய்தி அவ்வுரையாடலின் அடியில் ஓடுகிறது. ஐயர் அதை விளக்கவில்லை. தம் வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை என்று அறிந்திருந்தார். ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்கு முன் நடந்த உரையாடலை எண்பத்தைந்து வயதில் எழுதுகிறவர் அதைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருந்தார் என்று நாம் எவரும் நம்புவதில்லை. கதைபோல் எழுதியிருக்கிறார் என்று பாராட்டுகிறோம். அப்பாராட்டைப் பாமாவுக்கு வழங்கத் தயங்குவது ஏன்?

என் மாணவி இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்துள்ளார். ராஜ் கௌதமனின் மாதவையா ஆய்வின் வழியாக அவர் 'முத்துமீனாக்ஷி' (1903) நூலைக் கண்டெடுத்தார். கைம்பெண் மறுமணத்தைப் பேசும் அந்நாவலை மாதவையா ஒரு பிராமணப் பெண்ணின் தன்வரலாறு என்ற வடிவிலேயே எழுதினார். பெண்ணின் 'நான்' ஆண் எழுதியபோது நாவல் ஆகிறது. அதே 'நான்' பெண் எழுதியபோது ஆவணம் ஆகிறது. 'முத்துமீனாக்ஷி', 'கருக்கு', 'சிலுவைராஜ் சரித்திரம்' மூன்றையும் ஒரே இயலில் வைத்து ஆராயவேண்டும் என்பது அவர் முன்மொழிவு. நாவல்களைத் தனி இயலிலும் தன்வரலாற்றைத் தனி இயலிலும் வைப்பதே முறை என்று குழுவில் ஒரு கருத்து எழுந்தது. மூன்றின் தலைப்புகளையும் எழுதி, எதில் எவர் 'நான்' என்கிறார் என்று பக்கத்தில் குறித்து, அவர் மறுவிளக்கம் அனுப்பியிருக்கிறார். அடுத்த கூட்டம் ஓணம் விடுமுறைக்குப் பின்னர்.